கிளிஞ்சலில் தொடங்கிய வளைவு

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய கைகளுக்கெல்லாம் அங்கே ஒரு மண்டபம் கட்டி, ஆளுக்கொரு வெண்கலப் பட்டயம் பதித்து வைத்திருக்கிறார்கள். வில்லியம் ஆர்தர் கம்மிங்ஸ் என்பவரின் பட்டயத்தில் சில வரிகள்தான். 1867இல் புரூக்ளின் ஸ்டார்ஸ் அணிக்கு ஆடும்போது வளைபந்தைக் கண்டுபிடித்தார் என்கிறது. 1876இல் ஹார்ட்ஃபோர்டு அணியோடு தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டார் என்றும் சொல்கிறது. இரண்டும் பிசகு. 1867இல் அவர் ஆடியது எக்ஸெல்சியர் அணிக்கு. முடித்துக்கொண்டது 1877இல், சின்சினாட்டி அணியில். ஒரு மனிதரின் பெருமையை வெண்கலத்தில் வார்க்கும்போது ஊரையும் ஆண்டையும் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். ஆனால் கம்மிங்ஸின் கதை முழுக்கவே இப்படித்தான். எங்கே தொட்டாலும் கொஞ்சம் வழுக்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு வளைபந்தின் அருமை சட்டென்று பிடிபடாது. நம் பந்துவீச்சாளருக்குத் தரை துணை. வெடித்த மண், ஈரம், பழைய பந்தின் சொரசொரப்பு என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். பேஸ்பாலில் பேட்டரை அடையும்வரை பந்து தரையைத் தொடுவதே இல்லை. பிட்சர் கையிலிருந்து கிளம்பி, பேட்டரைக் கடந்து, கேட்சர் கையில் போய் விழவேண்டும். நடுவே இருப்பது காற்று மட்டும்தான். அந்தக் காற்றை வைத்துக்கொண்டு பந்தைத் திருப்ப முடியும் என்று 1860களில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

அன்றைய ஆட்டமே வேறு. பிட்சர் நின்ற இடம் பேட்டரிலிருந்து 45 அடிதான். இன்று அது 60 அடி 6 அங்குலம்; நம் கிரிக்கெட் ஆடுகளத்தின் 66 அடியைவிடக் கொஞ்சம் குறைவு. கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இடுப்புக்குக் கீழே, முழங்கையை விறைப்பாக வைத்து, ஊஞ்சல் போல ஆட்டிப் பந்தை விடவேண்டும். விடும்போது இரண்டு பாதங்களும் தரையில் இருக்கவேண்டும். மணிக்கட்டைச் சுண்டுவதும் விதிப்படி ஆகாத காரியம். சுருக்கமாகச் சொன்னால், பிட்சரின் வேலை பரிமாறுவது. பேட்டர் பந்திக்கு வந்த விருந்தாளி. 1871இல் விதியே அதை ஒப்புக்கொண்டது. பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று கேட்டு வாங்கும் உரிமை பேட்டருக்கு வந்தது. 1887இல்தான் அதைப் பிடுங்கினார்கள்.

பரிமாற மறுத்த முதல் ஆள் கம்மிங்ஸ் அல்ல. அதே புரூக்ளினில், அதே எக்ஸெல்சியர் அணியில், ஜிம் கிரைட்டன் என்று ஓர் இளைஞன் இருந்தான். விதியை மீறாததுபோல் தெரிய, மணிக்கட்டை யாரும் கவனிக்காத விதத்தில் வெட்டி, அதுவரை பார்த்திராத வேகத்தில் பந்தை அனுப்பியவன். அடிவயிற்றில் உள்ளே ஏற்பட்ட காயத்தால் 21 வயதில் இறந்துபோனான். அது 1862ஆம் ஆண்டு அக்டோபர் 18. கம்மிங்ஸ் பிறந்தது 1848ஆம் ஆண்டு அதே அக்டோபர் 18, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர் என்ற ஊரில். சிறுவயதிலேயே குடும்பம் புரூக்ளினுக்கு வந்துவிட்டது. ஊரே கொண்டாடிய பந்தெறியாளன் செத்த அன்றைக்குக் கம்மிங்ஸுக்கு 14 முடிந்தது. இதில் ஜோசியம் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வயதில், அந்த ஊரில், பந்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

மறு ஆண்டு, 1863 கோடையில், கடற்கரையில் பையன்கள் கிளிஞ்சல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கண்மாய்த் தண்ணீரில் நாம் ஓட்டாஞ்சில்லு விட்டோமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு இந்த ஆட்டம். கிளிஞ்சலைக் காற்றில் விட்டால் நேராகப் போகாது. கொஞ்சம் போய், ஏதோ நினைவு வந்ததுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். வலப்பக்கம் வளைய விடலாம், இடப்பக்கமும் விடலாம். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பேஸ்பாலையும் இப்படி வளைத்து விட்டால் பேட்டர்களுக்கு எப்படி இருக்கும் என்று தனக்குத் தோன்றியதாக, 1908இல் ஒரு பேஸ்பால் பத்திரிகையில் கம்மிங்ஸ் எழுதினார். நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே 45 ஆண்டு. இத்தனை நாள் கழித்து வரும் நினைவில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும்தான். ஆனாலும் அந்தக் கிளிஞ்சலை நான் நம்புகிறேன். பொய் சொல்ல நினைப்பவன் இதைவிடப் பெருமையான தொடக்கத்தைத் தேடியிருப்பான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிளிஞ்சல் வளைவதற்கும் பந்து வளைவதற்கும் காரணம் ஒன்றே அல்ல. கிளிஞ்சல் ஒரு குழிந்த தகடு. சுழன்றுகொண்டே சாய்ந்து போகும்போது, அதன் முகத்தில் படும் காற்று பறவைச் சிறகைத் தாங்குவதுபோல் அதைத் தாங்கி ஒரு பக்கம் தள்ளும். பந்துக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. எப்படிப் பிடித்தாலும் உருண்டைதான். அதை வளைக்க ஒரே வழி, கடுமையாகச் சுழலவிடுவது. ஆக, பையன் பார்த்த எடுத்துக்காட்டு தவறானது. அதிலிருந்து எடுத்த முடிவு சரியானது. கிளிஞ்சல் ஏன் வளைகிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் அன்று பக்கத்தில் நின்றிருந்தால், "தம்பி, பந்து அப்படியெல்லாம் போகாது" என்று விளக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

பிறகு நான்கு ஆண்டுகள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து நேரே வெற்றிக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கோ நடுவில் கிடக்கும் இந்த நான்கு ஆண்டுதான் கதை. ஃபுல்டன் என்ற ஊரில் விடுதிப் பள்ளிக்குப் போனான் பையன். அங்கேயும் நேரம் கிடைத்தபோதெல்லாம் பந்தும் கையுமாகவே நின்றான். பிடியை மாற்றினான், விரல் நுனியால் பற்றிப் பார்த்தான், விடும்போது மணிக்கட்டை முறுக்கினான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பார்த்துப் படிக்கப் புத்தகமும் இல்லை. கூட்டாளிகள் கேலி செய்தார்கள். சில நாள் பந்து வளைந்ததுபோல் இருக்கும். மறுநாள் அதேபோல் எறிந்தால் கம்பிபோல் நேராகப் போகும். நேற்று உண்மையிலேயே வளைந்ததா, கண்தான் ஏமாற்றியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

1867ஆம் ஆண்டு அக்டோபர் 7. எக்ஸெல்சியர் அணி ஹார்வர்டு கல்லூரி அணியோடு ஆடப் போயிருந்தது. கம்மிங்ஸுக்கு இன்னும் 19 ஆகவில்லை. எதிரே ஆர்ச்சிபால்ட் புஷ், ஹார்வர்டின் நல்ல பேட்டர். கம்மிங்ஸ் தான் பழகிவைத்திருந்த பந்தை விட்டார். புஷ் வீசினார், மட்டையில் படவில்லை. மறுபடி விட்டார், மறுபடியும் படவில்லை. தன்னால் இது முடிகிறது என்று கம்மிங்ஸுக்கு உறுதிப்பட்டது அந்த மைதானத்தில்தான். வாய்விட்டுக் கத்தவேண்டும்போல் இருந்ததாம், அடக்கிக்கொண்டாராம். காரணம் எளிது. கத்தினால் இரகசியம் வெளியே வரும். அன்றைய ஆட்டத்தில் எக்ஸெல்சியர் தோற்றது. வளைபந்தின் முதல் ஆட்டம் தோல்வியில் முடிந்தது என்பதைப் பட்டயம் சொல்லாது.

பழகிய பின்னும் பந்து முழுக்க அவர் சொன்னபடி கேட்கவில்லை. எதிர்க்காற்று அடித்தால் நன்றாக வளையும். ஆனால் சிலநேரம் பேட்டரைத் தாண்டிய பிறகுதான் வளையும். தாண்டியபின் வளைந்து யாருக்கு என்ன பயன்? காற்றின் போக்கைப் பார்த்துப் பிடியையும் விடும் நேரத்தையும் மாற்றக் கற்றுக்கொண்டார். எதிர்க்காற்றில் வளைவு கூடும் என்று அவர் கவனித்தது துல்லியமான கவனிப்பு. பந்துக்கு எதிராக வரும் காற்று எவ்வளவு வேகமோ, பக்கவாட்டுத் தள்ளலும் அவ்வளவு பலம். இதற்கான சமன்பாடு அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது விரல்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வளையும் பந்தை யார் பிடிப்பது? அன்றைய கேட்சருக்குக் கையுறை இல்லை, முகமூடி இல்லை. முகமூடி வந்தது 1877இல், அதுவும் அதே ஹார்வர்டிலிருந்து. ஆகவே கேட்சர்கள் பேட்டருக்கு வெகுதூரம் பின்னால் நின்று, பந்து ஒருமுறை தரையில் குதித்தபின் பிடிப்பார்கள். நேராக வரும் பந்துக்கு அது போதும். கம்மிங்ஸின் பந்து எங்கே குதிக்கும் என்று யாருக்குத் தெரியும்? 1872இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியில் அவருக்கு நாட் ஹிக்ஸ் என்ற கேட்சர் வாய்த்தார். வெறுங்கையோடு பேட்டரின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்ற துணிச்சல்காரர். மட்டையில் உரசித் திரும்பும் பந்து நேரே முகத்துக்கு வரும் இடம் அது. வளைபந்தைப் போட்டவருக்குப் பட்டயம் உண்டு, பிடித்தவருக்கு இல்லை. என்னைக் கேட்டால், ஹிக்ஸ் இல்லாமல் அந்தப் பந்து ஒரு வித்தையாகவே நின்றிருக்கும். ஆட்டத்துக்குள் வந்திருக்காது.

அதே 1872இல் விதியும் இறங்கிவந்து, மணிக்கட்டைச் சுண்டலாம் என்றது. அதாவது கம்மிங்ஸ் அதுவரை போட்டது கறாராகப் பார்த்தால் செல்லாத பந்து. இடுப்புயரத்தில் மின்னி மறையும் ஒரு சுண்டலை எந்த நடுவரால் பார்த்துத் தடுக்க முடியும்?

ஆள் பார்க்க ஒன்றுமே இல்லை. 5 அடி 9 அங்குல உயரம், 120 பவுண்டு எடை. நம் கணக்கில் 54 கிலோ. காற்றடித்தால் பந்தைவிட இவர்தான் அதிகம் வளைவார் என்று தோன்றும். 'கேண்டி' என்று பட்டப்பெயர். இனிப்பு என்று பொருள்கொள்ள வேண்டாம். அந்தக் காலக் கொச்சையில் 'அசல் முதல்தரம்' என்பதற்கு அந்தச் சொல்.

தொழில்முறை ஆட்டத்தில் அவர் இருந்தது ஆறே ஆண்டு. மியூச்சுவல்ஸில் 33 வெற்றி. அடுத்த ஆண்டு பால்டிமோரில் 28, அதற்கடுத்து ஃபிலடெல்ஃபியாவில் 28, 1875இல் ஹார்ட்ஃபோர்டில் 35. நான்கு ஆண்டில் நான்கு அணி. யார் அதிகம் கொடுத்தாலும் போகிற காலம் அது. ஒப்பந்தம் என்பது பருவத்துக்குப் பருவம் கழற்றிப்போடும் சட்டை. ஹார்ட்ஃபோர்டு அணிக்கு அப்போது ஒரு பெரிய இரசிகர் இருந்தார்: எழுத்தாளர் மார்க் ட்வைன். 1875இல் ஓர் ஆட்டத்தின்போது யாரோ ஒரு சிறுவன் அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட, குடையைக் கொண்டுவந்தால் 5 டாலர், அந்தப் பையனைப் பிணமாகக் கொண்டுவந்தால் 200 டாலர் என்று ஊர்ப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். வளைபந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மைதானத்தின் காற்று எப்படி இருந்தது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

1876இல் தேசிய லீக் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி சின்சினாட்டி அணிக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டையும் கம்மிங்ஸே முழுக்க எறிந்தார், இரண்டையும் வென்றார்: 14க்கு 4, 8க்கு 4. தேசிய லீக்கில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர். பருவம் முடிந்தபோது கணக்கு 16 வெற்றி, 8 தோல்வி. ஆனால் அணியின் முதன்மைப் பிட்சர் அவர் இல்லை. டாமி பாண்ட் என்ற இருபது வயதுப் பையன் அந்த இடத்துக்கு வந்திருந்தான். வளைபந்தைக் கம்மிங்ஸிடமிருந்தே கற்றவன். அடுத்து பாஸ்டனுக்குப் போய் 1877, 1878, 1879 என்று தொடர்ந்து மூன்று ஆண்டும் நாற்பதுக்குக் குறையாமல் வென்றான். ஒல்லியான உடம்பில் பிறந்த வித்தை உறுதியான உடம்பில் போய்ச் சம்பாதித்தது.

குருவின் கணக்கு வேறு. 1877இல் சர்வதேசச் சங்கம் என்று ஒரு புதிய அமைப்பு உருவானபோது, 28 வயது கம்மிங்ஸை அதன் முதல் தலைவராக்கினார்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் தலைவர்! அந்தச் சங்கத்தின் லின் அணியில் ஆடினார். பிறகு, தலைவர் பதவியில் இருந்தபடியே, போட்டி அமைப்பான தேசிய லீக்கின் சின்சினாட்டிக்குப் போய் ஆடினார். அங்கே 5 வெற்றி, 14 தோல்வி. கை ஓய்ந்துவிட்டது. பேட்டர்களும் பழகிவிட்டார்கள். வளைபந்து எறியும் கைகள் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. அதோடு முடிந்தது. மொத்தம் 145 வெற்றி, 94 தோல்வி. தேசிய லீக்கை மட்டும் எடுத்தால் 21க்கு 22. மாமேதைகளின் மண்டபத்தில் இப்படி ஒரு கணக்கோடு நிற்பவரைப் பார்த்து இன்றைய இரசிகர்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

விளையாட்டில் இப்படிப்பட்ட பிறப்புகளுக்கு ஒரு சாடை இருக்கிறது. கிரிக்கெட்டின் கூக்ளியை இங்கிலாந்தின் பொசன்கெட், மேசைமேல் டென்னிஸ் பந்தை உருட்டி எதிராளியை ஏமாற்றும் ஒரு வீட்டு விளையாட்டிலிருந்து எடுத்தார். நடுவிரலை மடக்கிச் சுண்டும் பந்தை ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் ராணுவத்தில் இருந்தபோது பிங்பாங் பந்தை வைத்துப் பழகினார்; ஐந்தே டெஸ்ட் ஆடி 21 விக்கெட் எடுத்துவிட்டு விலகினார். அதன் பங்காளியைத்தான் நம் சென்னைத் தெருக்களில் 'சொடக்குப் பந்து' என்கிறார்கள். அஸ்வின் அதைக் கற்றதும் தெருக் கிரிக்கெட்டில்தான். பயிற்சி முகாமில் இப்படி ஒன்று பிறந்ததாக எனக்கு நினைவில்லை. பொழுது போகாத கைதான் இதையெல்லாம் கண்டுபிடிக்கிறது.

புகழ் வந்தபின் பங்காளிகள் வராமல் இருப்பார்களா? நான்தான் முதலில், நான்தான் முதலில் என்று வரிசை நீண்டது. ஃபோனி மார்ட்டின், பாபி மேத்யூஸ், யேல் கல்லூரியின் ஏவரி, பிரின்ஸ்டனின் மான் என்று பல பெயர்கள். கடைசிவரை விடாமல் நின்றவர் ஃபிரெட் கோல்ட்ஸ்மித். 1870 ஆகஸ்டில் புரூக்ளின் கேப்பிட்டோலின் மைதானத்தில் கம்புகளை வரிசையாக நட்டு, பந்து அவற்றைச் சுற்றி வளைந்து போவதைத் தான் செய்துகாட்டியதாகவும், ஹென்றி சாட்விக் என்ற பெரிய பத்திரிகையாளர் அதைப் பார்த்து எழுதியதாகவும் சொன்னார். அந்தப் பத்திரிகைத் துணுக்கைக் கையில் பிடித்தபடியே செத்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் இறந்தது 1939 மார்ச் மாதக் கடைசியில். கம்மிங்ஸை மண்டபத்தில் சேர்க்கும் முடிவு வெளியானது அதே ஆண்டு மே மாதம். துணுக்கில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கட்டுரையை, பின்னாளில் பழைய இதழ்களைத் துழாவியவர்கள் யாரும் கண்டெடுக்கவில்லை. கோல்ட்ஸ்மித் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பல கைகள் ஒரே நேரத்தில் பந்தைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தன் கை செய்ததை அவரவர் கண் பார்த்தது. கம்மிங்ஸ் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் ஒன்றே. தற்செயலாக வளைந்த பந்தைப் பார்த்தவர்கள் பலர் இருக்கலாம். அது ஏன் மறுநாள் வளையவில்லை என்று நான்கு ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டதாகச் சொல்லும் கதை அவருடையதுதான்.

இந்தச் சண்டையெல்லாம் பெரிதாவதற்கு முன்பே கம்மிங்ஸ் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியிருந்தார். ஏதால் என்ற ஊரில் வண்ணமும் சுவர்க்காகிதமும் விற்கும் கடை வைத்தார். பல ஆண்டுகள் அந்தத் தொழில்தான். கடைசிக் காலத்தில் ஒஹையோவின் டொலீடோவில் மகனோடு இருந்து, 1924 மே 16இல் காலமானார். பிறந்த ஊரான வேரிலேயே அடக்கம் செய்தார்கள்.

பந்து உண்மையில் வளைகிறதா என்ற கேள்வி மட்டும் அவருக்குப் பிறகும் சாகவில்லை. இத்தனைக்கும் விஞ்ஞானத்துக்கு இது பழைய செய்தி. டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672இலேயே குறித்திருக்கிறார். பெஞ்சமின் ராபின்ஸ் துப்பாக்கிக் குழாயை இடப்பக்கம் வளைத்துச் சுட்டு, சுழலும் குண்டு வலப்பக்கம் ஒதுங்குவதைக் காட்டினார். 1852இல் ஜெர்மனியின் மேக்னஸ் சோதனைச்சாலையில் இதை ஆராய்ந்தார். இன்று அவர் பெயரால்தான் அழைக்கிறோம். சுழலும் பந்து தன் மேல்தோலோடு ஒட்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு சுழலும். தைத்த விளிம்புகள் அதற்குக் கைகொடுக்கும். அதனால் பந்தின் பின்னால் வழியும் காற்று நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாயும். காற்றை அந்தப் பக்கம் தள்ளிய பந்து, படகுத் துடுப்புபோல, மறுபக்கம் நகரும். அவ்வளவுதான்.

இருந்தும் 1941இல் லைஃப் பத்திரிகை அடுக்கடுக்காகப் படம் எடுத்துப் பார்த்து, வளைபந்து வெறும் கண்மாயம் என்ற முடிவுக்கு வந்தது. பேட்டர்கள் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார்கள்!

கடைசியில் தீர்த்துவைத்தவர் லைமன் பிரிக்ஸ். அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய நிலையத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1939இல் அணுகுண்டு ஆராய்ச்சிக்கான முதல் குழுவைத் தலைமையேற்று நடத்திய அதே ஆள். எண்பது வயதைத் தாண்டியபின், காற்றுச்சுரங்கத்தில் பேஸ்பாலைச் சுழலவிட்டு, பாயும் காற்றின் குறுக்கே கீழே விழவிட்டு, எவ்வளவு ஒதுங்குகிறது என்று அளந்தார். வாஷிங்டன் அணியின் பிட்சர்களை மைதானத்துக்கு அழைத்துப் பந்தின் சுழற்சியையும் எண்ணிப் பார்த்தார். 1959இல் முடிவை வெளியிட்டார். பிட்சரிடமிருந்து பேட்டரை அடைவதற்குள் பந்து பக்கவாட்டில் ஒதுங்கக்கூடிய அதிகபட்சம் 17.5 அங்குலம்.

பேட்டருக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் தகட்டின் அகலம் 17 அங்குலம். பந்து அந்த அகலத்துக்குள் வந்தால்தான் செல்லும். ஒரு விளிம்பை நோக்கிக் கிளம்பும் பந்து மறுவிளிம்பையும் தாண்டிவிடலாம், அரை அங்குலம் மிச்சம் வைத்து.